160 மீட்டர் போட்டிக்கு முன்: ஆம்ப்ளிஃபயரா, ஆண்டெனாவா, காதா?

கைவசம் 100 வாட் டிரான்சீவர் (அனுப்பவும் கேட்கவும் ஒரே ரேடியோ) ஒன்று. 15 மீட்டர் உயரத்தில் கிடையாகக் கட்டிய கம்பி ஆண்டெனா, அதாவது டைபோல். செலவழிக்கக் கொஞ்சம் பணம், கூடவே நான்கைந்து ஞாயிற்றுக்கிழமைகள். குறித்த நேரத்துக்குள் முடிந்த அளவு நிலையங்களோடு தொடர்பு எடுக்கும் குளிர்காலப் போட்டிகள் வருவதற்குள் இவற்றைக் கொண்டு எதை முதலில் செய்வது? ஹாம் (அமெச்சூர்) வானொலியில் தாழ் அலைவரிசைகள் பக்கம் புதிதாக எட்டிப் பார்ப்பவர்கள் எல்லோரும் இந்தக் கேள்வியில்தான் முட்டிக்கொள்கிறார்கள். பெரும்பாலோர் கேட்பதற்கு முன்பே மனத்துக்குள் விடையையும் வைத்திருக்கிறார்கள்: அனுப்பும் ஆற்றலைக் கூட்டும் ஆம்ப்ளிஃபயர்.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆம்ப்ளிஃபயர் வந்த முதல் ஜனவரியில், 160 மீட்டரில் ஓர் இரவு முழுக்க 'சிக்யூ டெஸ்ட்' (போட்டியில் இருக்கும் யாரும் பதில் சொல்லலாம் என்ற பொது அழைப்பு) அடித்தேன். மணிக்குப் பத்துத் தொடர்புகூடத் தேறவில்லை. ஊருக்கு வெளியே, மின்கம்பிகளுக்குத் தொலைவில் இருக்கும் நண்பர் ஒருவர் என் அதிர்வெண்ணை அரைமணி நேரம் பதிவு செய்து மறுநாள் அனுப்பினார். நான் அழைத்து முடித்த இடைவெளிகளில் எல்லாம் இரண்டு மூன்று நிலையங்கள் எனக்குப் பதில் கொடுத்துக்கொண்டிருந்தன. நானோ அவர்கள் தலைமீதே மறுபடி சிக்யூ அடித்துக்கொண்டிருந்தேன். செவிடன் காதில் சங்கு ஊதுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். அன்று சங்கு ஊதியவனே செவிடன். இப்படிப்பட்ட நிலையத்துக்கு ஹாம்கள் வைத்திருக்கும் பெயர் 'முதலை'. வாய் பெரிது, காது சிறிது.

ஆகவே இந்த ஒப்பீடு நடுநிலையானது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆம்ப்ளிஃபயர்தான் சரியான முதல் செலவாக இருக்கும் நிலையங்களும் உண்டு. அவற்றையும் மறைக்காமல் சொல்கிறேன்.

## எதை வைத்து அளப்பது

தாழ் அலைவரிசை என்று நான் சொல்வது 160, 80, 40 மீட்டர் அலைநீளங்கள். மூன்றும் ஒரே குணமுடையவை அல்ல. 40 மீட்டரில் 20 மீட்டர் உயர டைபோல் அரை அலைநீள உயரத்தில் நிற்கிறது. தொலைதூரத்துக்கு நன்றாகவே போகும். அதே உயரத்தை 160 மீட்டரில் எடுத்துக்கொண்டால் அலைநீளத்தில் எட்டில் ஒரு பங்குதான். டைபோல் தன் ஆற்றலில் பெரும்பகுதியை நேரே வானத்தைப் பார்த்து அனுப்பிவிடும். சில நூறு கிலோமீட்டருக்குள் பேச அது அருமையான ஆண்டெனா. கண்டம் தாண்ட உதவாது. எனவே சிக்கல் முழுக்க 160இலும், ஓரளவு 80இலும்தான். கட்டுரையும் அங்கேதான் அதிகம் நிற்கும்.

ஒவ்வொரு தேர்வையும் ஐந்து கேள்விகளால் அளக்கிறேன்.

முதலாவது, ஓட்டை எங்கே இருக்கிறது: நீங்கள் கேட்பதிலா, உங்களை மற்றவர்கள் கேட்பதிலா? இரண்டாவது, எத்தனை டெசிபெல் கிடைக்கிறது? சிக்னலின் பலத்தைக் காட்டும் எஸ் மீட்டரில் ஒரு படி என்பது 6 டெசிபெல். நான்கு மடங்கு ஆற்றல். மூன்றாவது, எவ்வளவு இடம் வேண்டும், பருவம் முடிந்ததும் சுருட்டி வைக்க முடியுமா? நான்காவது, விலைப்பட்டியலில் வராத செலவுகள். ஐந்தாவது, போட்டியின் விதிகள் அதை எப்படிப் பார்க்கின்றன?

கடைசிக் கேள்வியைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. சிக்யூ 160 மீட்டர் போட்டியில் சொந்த நாட்டுத் தொடர்புக்கு 2 புள்ளி, அதே கண்டத்தின் வேறு நாட்டுக்கு 5, வேறு கண்டத்துக்கு 10. ஸ்டூ பெர்ரி போட்டியிலோ தொலைவு கூடக்கூடப் புள்ளியும் கூடும். முதலாவதில் பக்கத்து நாடுகளை வாரிக் குவித்தும் ஓரளவு பிழைக்கலாம். இரண்டாவதில் தொலைவுதான் எல்லாம். எந்தப் போட்டிக்குத் தயாராகிறீர்கள் என்று தெரியாமல் கம்பி வாங்கக் கிளம்பாதீர்கள்.

## முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

ஒரு காகிதத்தை இரண்டு பத்தியாகப் பிரியுங்கள். இடப்பக்கம்: 'நான் கூப்பிட்டேன், அவருக்குக் கேட்கவில்லை.' வலப்பக்கம்: 'என்னைக் கூப்பிடுகிறார், எனக்குப் பிடிபடவில்லை.' சின்னப் போட்டி ஒன்றில், சூரியன் மறைந்தது முதல் நள்ளிரவு வரை உட்கார்ந்து கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். இடப்பக்கம் நிறைந்தால் ஓட்டை அனுப்பும் பக்கம். வலப்பக்கம் நிறைந்தால் கேட்கும் பக்கம்.

இந்தக் கணக்கில் ஓர் ஏமாற்று இருக்கிறது. நீங்கள் துளியும் கேட்காத அழைப்புகள் எந்தப் பத்தியிலும் விழாது. என் ஜனவரி இரவில் வலப்பக்கம் கிட்டத்தட்ட காலியாகத்தான் இருந்திருக்கும். அதனால் இன்னொரு சோதனையும் வேண்டும். மோர்ஸில் சிக்யூ அடித்துவிட்டு ரிவர்ஸ் பீக்கன் நெட்வொர்க்கைப் பாருங்கள். உலகெங்கும் தானாகக் கேட்டுக்கொண்டிருக்கும் ரிசீவர்கள் உங்கள் சிக்னல் இரைச்சலுக்கு எத்தனை டெசிபெல் மேலே இருக்கிறது என்று பதிவு செய்திருக்கும். உங்கள் வட்டாரத்தில் அதே ஆற்றலில் இயங்கும் இன்னொருவரின் எண்ணை, அதே ரிசீவரில், அதே பத்து நிமிடத்துக்குள் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். அவரைவிட 10 டெசிபெல் குறைவாக இருந்தால் உங்கள் ஆண்டெனா ஆற்றலைத் தின்கிறது. இரண்டு எண்ணும் சமமாக இருந்து, தொடர்புகளில் மட்டும் அவர் மூன்று மடங்கு எடுக்கிறார் என்றால் கோளாறு உங்கள் காதில்.

## தேர்வு ஒன்று: எதுவும் வாங்காமல் இரைச்சலை வேட்டையாடுவது

இதைத் தேர்வு என்றே பலர் எண்ணுவதில்லை. பணம் செலவாகாத எதையும் மனம் தயாரிப்பாக ஏற்பதில்லை போலும்.

டிரான்சீவரை பேட்டரியில் ஓட்டுங்கள். வீட்டின் மெயின் சுவிட்சை அணையுங்கள். எஸ் மீட்டர் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொண்டு, ஒவ்வொரு சர்க்யூட்டாகத் திரும்பப் போடுங்கள். முள் துள்ளும் இடத்தில் குற்றவாளி இருக்கிறான். சார்ஜர்களிலும் எல்இடி விளக்குகளிலும் இருக்கும் சுவிட்ச் மோட் பவர் சப்ளை என்றால் அதன் இரைச்சல் அலைவரிசை நெடுகச் சம இடைவெளியில் திட்டுத் திட்டாக வரும். வெப்பம் ஏற ஏறத் திட்டுகள் மெல்ல நகரும். வீட்டில் எதை அணைத்தும் முள் அசையவில்லையா? கையடக்க மத்திய அலை ரேடியோவோடு தெருவில் ஒரு நடை நடந்து பாருங்கள்.

என் வீட்டில் பிடிபட்டது மாடிப்படியில் ஆள் வந்தால் எரியும் எல்இடி விளக்கு. ஆள் வராதபோதும் அதன் சப்ளை விழித்துக்கொண்டே இருந்தது. அதைக் கழற்றிய அன்று 1,830 கிலோஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் எஸ்7இலிருந்து எஸ்4க்கு இறங்கியது. கிட்டத்தட்ட 18 டெசிபெல். 10 வாட்டோடு என்னைக் கூப்பிடுபவருக்கு யாரோ 600 வாட் கையில் கொடுத்தது போல. அத்தனைக்கும் செலவு, திருகாணி கழற்றும் நேரம்.

அடுத்த வேலை கேபிளில். கோ-ஆக்ஸின் (ஆண்டெனாவிலிருந்து ரேடியோவுக்கு வரும் கேபிளின்) வெளிப்புறத்தில் ஏறிவரும் இரைச்சலைத் தடுக்க, 31ஆம் எண் கலவை ஃபெரைட் வளையத்தில் மெல்லிய கோ-ஆக்ஸை பன்னிரண்டு பதினைந்து சுற்று சுற்றி, ஆண்டெனா முனையில் ஒன்றும் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒன்றும் வையுங்கள். 61ஆம் எண் போன்ற கலவைகள் உயர் அதிர்வெண்ணுக்கானவை, 1.8 மெகாஹெர்ட்ஸில் சோம்பிக் கிடக்கும்.

இதன் மறைந்த செலவு பணமல்ல, மனித உறவு. பக்கத்து வீட்டுச் சோலார் இன்வெர்ட்டரோ, தெருவிளக்கோ காரணம் என்று தெரிந்த பிறகு பேச்சுவார்த்தை தொடங்க வேண்டும். குற்றம் சாட்டும் குரலோடு போனால் கதவு சாத்தப்படும். ஒரு கை ஃபெரைட் வளையங்களோடு போனால் பெரும்பாலும் திறக்கும்.

## தேர்வு இரண்டு: தனியே ஒரு கேட்கும் ஆண்டெனா

மற்ற அலைவரிசைகளில் பழகியவர்களுக்கு இது விநோதமாகத் தோன்றும். அனுப்பும் ஆண்டெனாவிலேயே கேட்டால் என்ன? கேட்கலாம். ஆனால் 160 மீட்டரில் ரிசீவரைத் திணறடிப்பது வெளியிலிருந்து வரும் இரைச்சல். ரிசீவரின் சொந்த இரைச்சல் அதன் முன் ஒன்றுமே இல்லை. ஆண்டெனாவைச் செருகியதும் இரைச்சல் எழுகிறது என்றால் ரிசீவருக்கு உணர்திறன் போதும் என்று பொருள். சிக்னலும் இரைச்சலும் சேர்ந்தே 20 டெசிபெல் குறைந்தாலும் கெடுதல் இல்லை. திசைதான் பேசுகிறது: வேண்டிய பக்கம் மட்டும் காதைத் திருப்பி, மற்ற பக்கங்களின் இடி முழக்கத்தையும் நகரத்து இரைச்சலையும் வெட்ட வேண்டும். இதை அளக்க ஆர்டிஎஃப் (கேட்கும் திசைநோக்கு) என்று ஓர் எண் வைத்திருக்கிறார்கள்; கூடுதலாக இருந்தால் நல்லது. செங்குத்துக் கம்பிக்கு அது சுமார் 5 டெசிபெல்.

பெவரேஜ். அமெரிக்கப் பொறியாளர் ஹெரால்ட் பெவரேஜின் பெயரைத் தாங்கிய இந்தக் கம்பிக்கு நூறு வயது தாண்டிவிட்டது. 1921 டிசம்பரில் பால் காட்லி ஸ்காட்லாந்தின் ஆர்ட்ரோசனில் கூடாரம் போட்டு, அமெரிக்க அமெச்சூர்களின் சிக்னலை அட்லாண்டிக்குக்கு இப்பால் கேட்டது பெவரேஜ் கம்பியில்தான். ஓர் அலைநீளம், அதாவது 160 மீட்டர் நீளம், தரையிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் உயரம். தொலைமுனையில் சுமார் 450 ஓம் ரெசிஸ்டர், அருகு முனையில் 9:1 டிரான்ஸ்ஃபார்மர். ரெசிஸ்டர் இருக்கும் முனை எந்தத் திசையைப் பார்க்கிறதோ அந்தத் திசைதான் கேட்கும். ஆர்டிஎஃப் சுமார் 10. கட்டுவதற்கு இதைவிட எளிய ஆண்டெனா இல்லை, நிலம் மட்டும் இருந்தால். மண் மோசமாக இருந்தால் இதற்கு இன்னும் நல்லது. அனுப்பும் ஆண்டெனாவுக்குச் சாபமான பாறை நிலம் பெவரேஜுக்கு வரம்.

எந்தத் திசைக்குக் கட்டுவது என்ற கேள்விக்குச் சூரியனே பதில் சொல்கிறது. பகலில் மேல்வளிமண்டலத்தின் டி அடுக்கு இந்த அலைகளை விழுங்கிவிடும். உங்கள் அந்திநேரத்தில் கிழக்கே ஏற்கெனவே இரவு. பாதை அந்தப் பக்கம் திறக்கிறது. உங்கள் விடியலில் மேற்கே இன்னும் இருட்டு. கடைசி அரைமணி நேரம் மேற்கத்திய நிலையங்கள் திடீரென எழும்பிவரும். ஆகவே இரண்டே கம்பிதான் முடியும் என்றால், எங்கே அதிக நிலையங்கள் இருக்கின்றனவோ அந்த நோக்கில் ஒன்று கிழக்குச் சாய்வாக, ஒன்று மேற்குச் சாய்வாக.

கே9ஏஒய் லூப். 160 மீட்டர் நீள நிலம் எத்தனை பேருக்கு வாய்க்கும்? இந்த லூப்புக்கு ஏழரை மீட்டர் உயரத்தில் ஒரே ஒரு கம்பம் போதும். சுமார் 26 மீட்டர் கம்பியைச் சாய்ந்த சதுரம் போல விரித்து, அடியில் ஒரு தரைக்கம்பியும் ஒரு ரெசிஸ்டரும். செங்குத்தாக ஒன்றையொன்று வெட்டும் இரண்டு லூப்களை ஒரே கம்பத்தில் கட்டினால், ரிலே (மின்னால் இயங்கும் சுவிட்ச்) மூலம் நான்கு திசை மாற்றலாம். ஆர்டிஎஃப் சுமார் ஏழரை. வெளியீடு மிகவும் மெலிது என்பதால், ரிசீவருக்கு முன்னே சிக்னலைப் பெருக்கும் ப்ரீ-ஆம்ப் ஒன்று தேவைப்படலாம். சாதாரண வீட்டு மனைக்கு என் முதல் பரிந்துரை இதுதான்.

சிறிய காந்த லூப். ஒரு மீட்டர் விட்டம். தொலைதூரத் திசைநோக்கு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் ஒரே ஓர் இடத்திலிருந்து வரும் இரைச்சல்தான் தொல்லை கொடுக்கிறது என்றால், அதை நோக்கி லூப்பின் குருட்டுப் பக்கத்தைத் திருப்பி ஆளை ஒழித்துக்கட்டலாம். மாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு வேறு வழியும் குறைவு.

மறைந்த செலவுகளுக்கு வருவோம். கேட்கும் ஆண்டெனா அனுப்பும் ஆண்டெனாவுக்கு அருகே இருந்தால் இரண்டு தொல்லை. அனுப்பும்போது அதில் ஏறும் ஆற்றல் ரிசீவரின் முன்பகுதியைச் சுட்டுவிடலாம். அனுப்பும் கணத்தில் இணைப்பைத் துண்டித்துத் தரையோடு இணைக்கும் ரிலே அவசியம். அடுத்தது இன்னும் நுட்பமானது: உயர்ந்து நிற்கும் அனுப்பும் கம்பி, தான் பிடித்த இரைச்சலை எல்லாம் பக்கத்து லூப்புக்கு மறுஒலிபரப்பு செய்யும். கேட்கும் நேரத்தில் அந்தக் கம்பியின் அடியை ரிலேயால் திறந்துவிட்டு, அதன் ஒத்ததிர்வைக் கலைக்க வேண்டும். இதைச் செய்யாமல் 'லூப்பால் பயனில்லை' என்று பிரித்துப் போட்டவர்கள் உண்டு. பக்கத்தில் மத்திய அலை ஒலிபரப்பு நிலையம் இருந்தால் ப்ரீ-ஆம்புக்கு முன் அந்தத் தாழ்ந்த அதிர்வெண்களைத் தடுக்கும் ஒரு ஹை-பாஸ் ஃபில்டரும் வேண்டும்.

இன்னொன்று, இணையத்தில் கிடைக்கும் தொலைதூர ரிசீவரில் கேட்டுப் பதில் சொல்லலாமே என்ற குறுக்குவழி. சிக்யூ உலகளாவிய போட்டியின் விதிப்படி டிரான்ஸ்மிட்டர்களும் ரிசீவர்களும் 500 மீட்டர் விட்ட வட்டத்துக்குள் இருக்க வேண்டும். அங்கே குறுக்குவழி மூடியிருக்கிறது. மற்றப் போட்டிகளுக்கு அவற்றின் விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

## தேர்வு மூன்று: அனுப்பும் ஆண்டெனாவை மாற்றுவது

160 மீட்டரில் தாழ்ந்த கோணத்தில் அனுப்ப வேண்டுமானால் செங்குத்துக் கம்பிதான். முழுக் கால் அலைநீளம் என்றால் 40 மீட்டர் உயரம். அதற்கு வசதியுள்ளவர் இந்தக் கட்டுரையைப் படித்துக்கொண்டிருக்க மாட்டார். மற்றவர்களுக்கு தலைகீழ் எல்: மரமோ கம்பமோ தாங்கும் உயரம் வரை நேரே ஏறி, மிச்சத்தைக் கிடையாக இழுத்துக் கட்டுவது. கைவசம் இருக்கும் அதே 15 மீட்டர் தாங்கி போதும்.

கம்பி ஏற்றுவது அரைநாள் வேலை. உண்மையான வேலை தரையில் கிடக்கிறது. 15 மீட்டர் செங்குத்துப் பகுதியுள்ள தலைகீழ் எல்லின் கதிர்வீச்சுத் தடை (ஆற்றலை அலையாக வெளியேற்றும் பங்கு) சுமார் 11 ஓம். அடியிலிருந்து ஆரமாகத் தரையில் விரியும் ரேடியல் கம்பிகளில் நான்கே நான்கைப் போட்டு, தரை இழப்பு 30 ஓம் என்று வைத்துக்கொள்வோம். அடியில் மீட்டர் காட்டுவது 41 ஓம்; கேபிளும் ஆண்டெனாவும் எவ்வளவு பொருந்துகின்றன என்று சொல்லும் எஸ்டபிள்யுஆர் 1.2 (1 என்றால் முழுப் பொருத்தம்). பார்க்க அழகு! ஆனால் 100 வாட்டில் 27 வாட்தான் வானம் ஏறுகிறது. மிச்சம் மண்புழுக்களுக்குக் குளிர்காய. ரேடியல்களைக் கூட்டி இழப்பை 8 ஓமுக்குக் கொண்டுவந்தால் மொத்தம் 19 ஓம், எஸ்டபிள்யுஆர் 2.6. மீட்டர் முகம் சுளிக்கும். வெளியேறும் ஆற்றலோ 58 வாட். அடியில் ஒரு மேட்சிங் டிரான்ஸ்ஃபார்மரோ சுருளோ வைத்து மீட்டரைச் சமாதானப்படுத்திக்கொள்ளலாம். ரேடியல் போடப்போட எஸ்டபிள்யுஆர் ஏறுகிறதே என்று பயந்து பாதியில் நிறுத்தியவர்களை நான் அறிவேன். அந்த ஏற்றம்தான் வேலை நடக்கிறது என்பதற்கு அடையாளம்.

எத்தனை ரேடியல்? 1937இல் ப்ரௌன், லூயிஸ், எப்ஸ்டீன் மூவரும் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு மத்திய அலை ஒலிபரப்பு நிலையங்களில் 120 என்பது வழக்கமானது. நமக்கு அவ்வளவு வேண்டாம். முப்பது வந்ததும் பலன் தெளிவாகத் தெரியும். அறுபதுக்கு மேல் ஒவ்வொரு கம்பியும் தருவது சொற்பம். கம்பி கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் நீளமாகச் சிலதைவிடக் குட்டையாகப் பலதே மேல்: 300 மீட்டர் கம்பியில் ஏழெட்டு நீளக் கால்களைவிட, பதினைந்து மீட்டர் நீளத்தில் இருபது கால்கள் நல்ல பலன் தரும். தரையைத் தோண்டவே முடியாத இடமா? மூன்று மீட்டர் உயரத்தில், கால் அலைநீளம் வெட்டிய இரண்டு முதல் நான்கு ரேடியல்களைக் கட்டலாம். அப்போது ஊட்டும் இடத்தில் ஒரு நல்ல சோக் (முன்பு சொன்ன ஃபெரைட் சுற்று) கட்டாயம்.

இங்கே பணம் மிச்சமாகும் இடம் ஒன்று உண்டு. தடித்த, விலையுயர்ந்த கோ-ஆக்ஸ் தேவையே இல்லை. 1.8 மெகாஹெர்ட்ஸில் 30 மீட்டர் சாதாரண மெல்லிய கேபிளே அரை டெசிபெல் அளவுதான் விழுங்கும். அந்தப் பணத்தை ரேடியல் கம்பியில் போடுங்கள்.

மறைந்த செலவு முழுக்க உடலுழைப்பு. குனிந்த முதுகு. புல்வெட்டும் இயந்திரத்தில் சிக்கும் கம்பி. வருபவர் போகிறவர் கால் தடுக்கும் இடங்களில் கொக்கி அடித்துப் பதிக்கும் பொறுமை. கிடைப்பகுதியின் நுனியில் அனுப்பும்போது உயர் மின்னழுத்தம் நிற்கும். அதைக் கைக்கெட்டாத உயரத்தில் கட்டுங்கள். மின்கம்பிகள் போகும் பக்கமே போகாதீர்கள். பயன்படுத்தாத நேரத்தில் ஆண்டெனாவைத் தரையோடு இணைத்துவிடுங்கள்.

80 மீட்டருக்கு 20 மீட்டர்ச் செங்குத்துக் கம்பி, அதே ரேடியல்கள். ஒரே உழைப்பில் இரண்டு அலைவரிசைக்கும் தரை தயார். 40 மீட்டருக்கு உயரமான டைபோலே போதும், இதில் மண்டையை உடைக்க வேண்டாம்.

## தேர்வு நான்கு: ஆம்ப்ளிஃபயர்

100 வாட்டிலிருந்து 500 வாட் என்றால் 7 டெசிபெல்; எஸ் மீட்டரில் ஒரு படிக்குக் கொஞ்சம் மேலே. 1,000 வாட் என்றால் 10 டெசிபெல். சிறிய எண்கள் போலத் தெரிந்தாலும் இரைச்சலின் விளிம்பில் தத்தளிக்கும் சிக்னலுக்கு 7 டெசிபெல் என்பது உயிர். சிக்யூ அடித்து அதிர்வெண்ணைக் காப்பாற்றிக்கொள்ளவும் அது உதவுகிறது. பக்கத்தில் வந்து உட்காருபவர் உங்களைக் கேட்டாவது நகர்வார். ஆண்டு முழுக்க எல்லா அலைவரிசையிலும் பயன்படுவது இந்தப் பட்டியலில் இது ஒன்றுதான். இந்த நியாயத்தை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் பில்லில் வராதவை ஏராளம். தனி மின்னிணைப்பு. ஆற்றலைத் தாங்கும் ட்யூனர், ரிலே, மேட்சிங் டிரான்ஸ்ஃபார்மர். மின்னல் தடுப்பானும் அந்த மின்னழுத்தத்துக்கு ஏற்றதாக மாற வேண்டும். அனுப்பும்போது பக்கத்து வீட்டு ஸ்பீக்கரில் உங்கள் மோர்ஸ் ஒலித்தால், இரைச்சல் வேட்டையின்போது வளர்த்த நட்பு ஒரே இரவில் கரையும். உங்கள் உரிமம் எவ்வளவு ஆற்றலை அனுமதிக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நாட்டுக்கு நாடு, உரிம வகைக்கு வகை அது மாறுகிறது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரியது ஒன்று. சிக்யூ 160இல் குறைந்த ஆற்றல் பிரிவின் வரம்பு 100 வாட். 101ஆவது வாட்டைப் போட்ட நொடியில் நீங்கள் உயர் ஆற்றல் பிரிவுக்குப் போய்விடுகிறீர்கள். அங்கே உங்களோடு பட்டியலில் நிற்பவர்கள் நான்கு செங்குத்துக் கோபுரங்களும் ஆறு பெவரேஜ்களும் வைத்திருப்பவர்கள். குறைந்த ஆற்றல் பிரிவில் மதிப்பான இடத்தில் வரக்கூடிய நிலையம், 400 வாட் கூடுதலால் அங்கே பெயர் தெரியாத வரிசைக்கு இறங்கிவிடும்.

ஆம்ப்ளிஃபயர் முதலில் வேண்டியது யாருக்கு? அமைதியான இடத்தில் இருந்து, எல்லோரையும் கேட்டுவிட்டு, இடப்பக்கப் பத்தி மட்டும் நிறைந்து வழிபவருக்கு. ரேடியல் போட இனி இடமே இல்லாதவருக்கு. குழுவாக உயர் ஆற்றல் பிரிவில் இயங்க முடிவு செய்தவர்களுக்கு. இவர்களிடம் போய் 'முதலில் லூப் கட்டு' என்று நான் சொன்னால் அது வறட்டுப் பிடிவாதம்.

## புது டிரான்சீவர் பற்றி ஒரு பத்தி

போட்டி இரவில் 1,810 முதல் 1,850 கிலோஹெர்ட்ஸ் வரை சந்தைக்கடை போல இருக்கும். அரை கிலோஹெர்ட்ஸ் தள்ளி ஒருவர் முழு பலத்தோடு அடிக்கும்போது மெலிந்த சிக்னலைப் பிரித்தெடுக்க நெருங்கிய இடைவெளியில் நல்ல டைனமிக் ரேஞ்ச் (பலத்த சிக்னலின் பக்கத்தில் மெலிந்ததையும் கையாளும் திறன்) வேண்டும், அது உண்மை. ஆனால் பாதி நேரம் நாம் கேட்கும் குப்பை எதிராளியின் டிரான்ஸ்மிட்டரிலிருந்தே வருகிறது. அவருடைய கீ கிளிக்கை (மோர்ஸ் சிக்னலின் ஓரங்களில் சிதறும் 'டிக்' ஒலியை) உங்கள் புது ரேடியோ சரிசெய்யாது. இருக்கும் ரேடியோவில் ப்ரீ-ஆம்பை அணைத்து, சிக்னலைக் குறைக்கும் அட்டனுவேட்டரைப் போட்டு, ஆர்எஃப் கெயினைக் குறைத்து, 250 ஹெர்ட்ஸ் ஃபில்டரோடு ஓர் இரவு கேட்டுவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள். கேட்கும் ஆண்டெனாவுக்குத் தனித் துளை இல்லை என்பதற்காக மட்டும் மாற்ற வேண்டாம்; வெளியே ஒரு ரிலே பெட்டி அந்த வேலையைச் செய்யும்.

## பக்கம் பக்கமாக

| தேர்வு | கேட்பதில் | அனுப்புவதில் | இடம் | மறைந்த செலவு | முதலில் யாருக்கு |
|---|---|---|---|---|---|
| இரைச்சல் வேட்டை | சில இடங்களில் மிகப் பெரியது | இல்லை | தேவையில்லை | நேரம், அக்கம்பக்கத்து நல்லுறவு | எல்லோருக்கும் |
| பெவரேஜ் | மிக நன்று | இல்லை | 160 மீட்டர் நீளம் | ரிலே, திசைக்கு ஒரு கம்பி | நிலம் உள்ளவருக்கு |
| கே9ஏஒய் லூப் | நன்று | இல்லை | ஒரு கம்பம் | ப்ரீ-ஆம்ப், அனுப்பும் கம்பியின் ஒத்ததிர்வைக் கலைப்பது | சாதாரண மனைக்கு |
| தலைகீழ் எல், ரேடியல்கள் | சில வேளை மோசமாகும் | நான்கே ரேடியலோடு ஒப்பிட்டால் சுமார் 3 டெசிபெல், டைபோலோடு ஒப்பிட்டால் இன்னும் அதிகம் | நடுத்தரம் | முதுகுவலி | டைபோல் மட்டும் உள்ளவருக்கு |
| ஆம்ப்ளிஃபயர் | இல்லை | 7 முதல் 10 டெசிபெல் | மேசைமேல் | மின்னிணைப்பு, துணைக்கருவிகள், பிரிவு மாற்றம் | நன்றாகக் கேட்பவருக்கு |

அனுப்பும் ஆண்டெனா வரிசையில் 'சில வேளை மோசமாகும்' என்று போட்டிருப்பது தவறில்லை. செங்குத்துக் கம்பி அக்கம்பக்கத்து இரைச்சலைத் தாழ்கோணத்தில் வாரிக்கொண்டு வரும். டைபோலில் எஸ்4 இருந்த இரைச்சல் தலைகீழ் எல்லில் எஸ்7 காட்டுவது சாதாரணம். ஆண்டெனாவை மாற்றியதும் திடீரென்று எல்லோருக்கும் நீங்கள் கேட்பீர்கள், உங்களுக்கு மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள். ஆம்ப்ளிஃபயரே வாங்காமல் முதலை ஆகும் வழி இது.

தொடக்கத்தில் சொன்ன அந்த நிலையத்துக்கு, 100 வாட்டும் தாழ்ந்த டைபோலும் ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளும் உள்ளவருக்கு, என் கணக்கு இப்படி. முதல் ஞாயிறு மெயின் சுவிட்சும் பேட்டரியும். இரண்டாவதில் தலைகீழ் எல் கம்பி, எட்டு ரேடியல். டைபோலைக் கழற்ற வேண்டாம்; பல இரவுகளில் அதுவே நல்ல காதாக இருக்கும், அருகில் உள்ள நாடுகளுக்கு நல்ல வாயாகவும். மூன்றாவதும் நான்காவதும் ரேடியல்களுக்கு, முப்பது வரும்வரை. ஐந்தாவதில் லூப் கம்பமும் ரிலேவும். குறைந்த ஆற்றல் பிரிவில் பெயரைக் கொடுங்கள். ஆம்ப்ளிஃபயருக்கான பணம் அப்படியே இருக்கட்டும். சிக்யூ 160இன் பிப்ரவரிக் குரல் போட்டி முடிந்தபின் அந்த இரண்டு பத்திக் காகிதத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள்.

நிலம் தாராளமாக இருந்தால் வரிசை மாறும்: ஐந்தாம் ஞாயிறு முதல் ஞாயிறாகிவிடும், லூப்புக்குப் பதில் பெவரேஜ். மாடிக் குடியிருப்பில் இருந்தால் 160ஐ இப்போதைக்கு விட்டுவிட்டு 40இல் உட்காருங்கள். அங்கே கைப்பிடிச் சுவரிலிருந்து வெளியே சாய்த்துக் கட்டிய பத்து மீட்டர் கம்பியும் ஒரு மீட்டர் காந்த லூப்பும் போதும், ஓர் இரவை ஓட்ட.